மதகடிக் கடுகு

ஒரு வழுக்கைத் தலையால் ஒரு நல்ல மனுஷருக்கு நாற்காலி இல்லாமல் போயிற்று. தலை என்னுடையதல்ல. அன்றைக்கு எனக்கு முடி நிறைய இருந்தது. அதற்கு அடியில் இருக்க வேண்டியதுதான் குறைவு. இன்றைக்கு இரண்டும் சமமாகிவிட்டன. இனி எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். அந்தப் பக்கத்துக் காலேஜ் ஒன்றில் எனக்குத் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. காலேஜின் பெயர் வேண்டாம். தப்பு செய்தது நான், கட்டடம் என்ன செய்யும்? டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் புரொபசருக்குக் கீழே, அட்டெண்டருக்கு மேலே. இரண்டு பக்கமும் திட்டு வாங்கத் தோதான உயரம். ஆலங்குடிப் பக்கம் கடலை போட்டுக் களை பறித்துக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து முதன்முதலாக டிகிரி வாங்கி வந்தவன் நான். "எம்மகன் காலேஜுல பூவெல்லாம் அறுத்துக் காட்டுறான்" என்று என் அப்பா ஊரில் பெருமையாகச் சொன்னாராம். "அதுக்கா இம்புட்டுப் படிப்பு? ஆடு அத விடச் சுத்தமா அறுக்குமே" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் ஞானி.

எங்கள் லேபில் செடி தெரிந்த ஆள் அட்டெண்டர் அண்ணன்தான். சமஸ்தானத்துக் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். காக்கிச் சட்டை, தோளில் வார் போட்டு மாட்டிய தகர டப்பா. பரீட்சைக்கும் பாடத்துக்கும் என்ன செடி வேண்டுமென்று புரொபசர் சொன்னால் போதும், மறுநாள் காலையில் அது ஈரச் சாக்கில் சுற்றியபடி மேஜையில் இருக்கும். லத்தீன் பெயர்களை அவர் சொல்லும்போது அவை ஏதோ பக்கத்து ஊர்ப் பெயர்கள் மாதிரி இருக்கும். "பதினெட்டு வருசத்துல ஒரு பூ தப்புனதில்ல, தம்பி சார்" என்பார். என்னை அவர் 'தம்பி சார்' என்றுதான் கூப்பிடுவார். வயதுக்குத் தம்பி, வேலைக்கு சார்.

அந்தப் பதினெட்டு வருஷமும் அவர் லேபில் உட்கார்ந்ததே இல்லை. நின்றபடிதான் வேலை. அந்த வருஷம்தான், காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டி அடுக்கி வைத்திருக்கும் மியூசிய அறைக்கு அவரையே கீப்பராகப் போடுவது என்று புரொபசர் முடிவு செய்தார். மேஜை, நாற்காலி, அறைச் சாவி மூன்றும் அவருக்கு. ஆர்டர் வருவதற்கு முன்னால் ஆசாரி நாற்காலியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். தேக்கு நாற்காலி. அண்ணன் தினமும் காலையில் அதைத் துடைப்பார். உட்கார மாட்டார்.

"ஒக்காந்து பாருங்களேண்ணே. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஆர்டர் வரட்டும் தம்பி சார். ஆர்டர் வராம ஒக்காந்தா அது வெறும் பலகை."

வீட்டில் அவர் மனைவியிடம் நாற்காலிக்குக் கை வைத்திருக்கிறது என்று சொல்லியிருந்தார். அந்த அம்மா, "ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டார்களாம்.

நான் எப்படிப்பட்டவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லேபில் ஒரு ஜாடியில் பாம்பு ஒன்றை மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார்கள். ஒருநாள் அண்ணனிடம் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "அண்ணே, இப்பத்தான் அது கண்ணை மூடித் தெறந்துச்சு. எங்க ஆத்தா மேல சத்தியமா" என்றேன். அவர் ஜாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்று பார்த்தார். அதிலிருந்து நான் எதற்குச் சத்தியம் செய்தாலும், "ஒங்க ஆத்தா எப்புடித்தான் இன்னும் உசுரோட இருக்காகளோ" என்பார். ஆத்தாவின் ஆயுளை வைத்தே நான் வாரத்துக்கு இரண்டு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் செய்முறைப் பரீட்சை. வெளியூரிலிருந்து பரீட்சகர் வருவார். கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்று கட்டாயம் வைக்க வேண்டும். அந்தக் குடும்பத்தின் அடையாளம் லேசானது: பூவில் நாலு இதழ் சிலுவை மாதிரி விரிந்திருக்கும், உள்ளே மகரந்தக் கேசரம் ஆறு, அதில் நாலு நெட்டை, இரண்டு குட்டை. இதற்காகவே வருஷா வருஷம் தொட்டியில் கடுகு விதைத்து வளர்ப்போம். அந்த வருஷம் அசுவினிப் பூச்சி விழுந்து கடுகு மொத்தமும் கருகிப்போயிற்று. நம் சீமை வறண்ட சீமை. அந்தக் குடும்பத்துச் செடி இங்கே தானாக முளைப்பது அபூர்வம். புரொபசர் தலையில் கை வைத்தார்.

"குளத்தூர் போற வழில ஒரு கம்மா இருக்குங்க ஐயா" என்றார் அண்ணன். "மதகுக்குக் கீழ கசிவுத் தண்ணி நிக்கும். அந்த ஈரமணல்ல ஒரு சின்னச் செடி வரும். தை, மாசி ரெண்டு மாசந்தான். எனக்குத் தெரிஞ்சு வேற எங்கிட்டும் இல்ல."

பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம் பஸ் ஏறிப் போனார். வழியில் பஸ் டயர் வெடித்து, அவர் கண்மாய்க்குப் போய்ச் சேரும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. பறித்துக்கொண்டு திரும்பி வந்தபோது காலேஜ் பூட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த என் அறைக்கு நேராக வந்து டப்பாவை நீட்டினார்.

திறந்து காட்டினார். அரை அடி உயரம்கூட இல்லாத செடிகள். இலை முள்ளங்கி இலையின் குட்டி மாதிரி. நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு மஞ்சள் பூ. பூவுக்குக் கீழே நூல் போல மெல்லிய காய்கள். "இதுக்கு அந்தப் பக்கத்து ஆளுக பேரே வைக்கல. நான் மதகடிக் கடுகும்பேன்" என்றார்.

"நெறைய இருந்துச்சாண்ணே?"

"ரெண்டு கை அகலத்துல இருந்துச்சு. பாதிதான் பறிச்சேன். மிச்சம் வெதைக்கு நிக்கட்டும்." டப்பாவை மூடினார். "காலைல பரீட்சகரக் கூட்டியார நான் ஜாகைக்குப் போகணும். தட்டுல வைக்கிறது ஒங்க பொறுப்பு. ராத்திரி தெறக்காதீங்க தம்பி சார். ஈரத்தோட இருக்கட்டும்."

"ஆத்தா மேல சத்தியமாத் தெறக்க மாட்டேன்" என்றேன்.

என்னோடு அறையில் தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர் இருந்தார். வயது முப்பத்தைந்து. பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெண் வீட்டார் அவர் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்காயச் சாறு, செம்பருத்தி, ஆமணக்கு என்று எல்லாவற்றையும் அந்தத் தலை சாப்பிட்டு ஏப்பம் விட்டிருந்தது. அண்ணன் படி இறங்கியதும் அவர் கேட்டார்:

"என்ன வாத்தியாரே டப்பாவுல? பத்திரமா வைக்கச் சொல்லிட்டுப் போறாரே?"

சும்மா 'பரீட்சைக்குச் செடி' என்று சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அப்படிச் சொல்லத் தெரியாது. கதவைச் சாத்திவிட்டு, குரலை இறக்கி, "வெளிய மூச்சு விட்றாதீங்க. முன்னால அரமணைக்கு மட்டும் போய்க்கிட்டிருந்த மூலிகை. வருசத்துல ரெண்டு மாசந்தான் மொளைக்கும். அரைச்சுப் பூசுனா பதினஞ்சாம் நாளு சீப்பு வாங்கணும்" என்றேன். டப்பாவைத் திறந்தும் காட்டினேன். அவர் கும்பிடாத குறை. நான் சாப்பிடப் போய்விட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தால், கொல்லையில் அம்மிக்குப் பக்கத்தில் கிளார்க் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். தலை முழுவதும் பச்சையாக ஒரு மெத்து. இரண்டு கண்ணிலும் தண்ணீர்.

"எரியுது வாத்தியாரே. எரிஞ்சா வேலை செய்யுதுன்னுதான அர்த்தம்?"

அறைக்குள் ஓடினேன். டப்பாவில் ஈரம் மட்டும் இருந்தது. அம்மியில் ஒரு காயாவது முழுசாகக் கிடக்குமா என்று தேடினேன். மனுஷர் மைய அரைத்திருந்தார். பாதியை விதைக்கு விடும் வழக்கமெல்லாம் அவருக்கு இல்லை.

பத்து மணிக்குப் பரீட்சை. குளத்தூர் வழிக்குப் போய் வர நேரமில்லை. அப்போதாவது புரொபசர் வீட்டுக்கு ஓடிப் போய், "சார், செடி போச்சு, தப்பு என்னுது" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என்னவென்று சொல்வது? ஒரு கிளார்க்கின் தலையில் இருக்கிறது என்றா?

காலேஜ் மதிலுக்குப் பின்னால் நாய்க்கடுகு மண்டிக் கிடந்தது. மஞ்சள் பூ, நாலு இதழ், நீளக் காய். விதைகூடக் கடுகு மாதிரியே இருக்கும். ஆனால் கடுகுக் குடும்பமில்லை. உள்ளே கேசரம் பத்துப் பதினைந்துக்கு மேல் இருக்கும், தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. கடலைக் காட்டில் சின்ன வயதிலிருந்து நான் பிடுங்கி எறிந்த களை அது. ஐந்து விரல் மாதிரி இருக்கும் இலை காட்டிக் கொடுத்துவிடும் என்று இலையையெல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டுப் பூங்கொத்தை மட்டும் தட்டுகளில் வைத்தேன். மாணவர்கள் பூவைப் பார்த்தா வரையப் போகிறார்கள்? நோட்டில் மனப்பாடம் செய்த படத்தைத்தான் வரைவார்கள். பரீட்சகர் படத்தைப் பார்ப்பார், பூவைப் பார்க்க மாட்டார். இதுதான் என் கணக்கு.

முதல் பாதி சரியாகவே நடந்தது. பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் கண்ணுக்கு முன்னால் பதினைந்து கேசரத்தை வைத்துக்கொண்டு ஆறு வரைந்தார்கள். நாலு நெட்டை, இரண்டு குட்டை. ஒரே ஒரு மாணவி மட்டும் இருப்பதை எண்ணி வரைந்துவிட்டு, 'இது கடுகுக் குடும்பம் அல்ல' என்று எழுதி வைத்தாள். பரீட்சகர் ஒல்லியான மனிதர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பூதக் கண்ணாடி. அவளுடைய தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து பூவை எடுத்தார். பூவை விரலிலிருந்து உதற முடியவில்லை, ஒட்டிக்கொண்டது.

"இதைக் கடுகுக் குடும்பத்தில் சேர்த்தது யார்?" என்று புரொபசரைக் கேட்டார்.

புரொபசர் பூவைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. வாசலில் நின்ற அண்ணனைக் கூப்பிட்டார். "நீ பறிச்சுட்டு வந்ததா இது?"

என் வாழ்க்கையில் நான் பேசியிருக்க வேண்டிய இடம் அதுதான். புரொபசருக்கும் அண்ணனுக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன். கைகூடப் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

அண்ணன் பூவை வாங்கினார். முகர்ந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார். சந்தேகமாக அல்ல, 'நீங்களும் கவனிக்கலையா?' என்பது போல. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கரையிலயும் இது நின்னுச்சுங்க ஐயா" என்றார் மெதுவாக. "பொழுது எறங்கிருச்சு. கொஞ்ச நாளா மசங்கலுல கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது. மாத்திப் பறிச்சுட்டேன் போலருக்கு."

அறையில் பேச்சு மூச்சு இல்லை. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. எனக்குத் தாங்காத அமைதியை நான் எப்போதும் ஒரே மாதிரிதான் கலைப்பேன். "போகட்டும் சார்" என்றேன். "அண்ணனுக்கு மஞ்சளா இருந்தா எல்லாம் கடுகுதான். நல்லவேளை, நெருஞ்சியக் கொண்டாரல. ஒருத்தனும் ஒக்காந்து பரீட்சை எழுதியிருக்க முடியாது."

பரீட்சகர் சிரித்தார். புரொபசரும் சிரித்துவிட்டார். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன்கூட, எல்லாரும் சிரிக்கிறார்களே என்று, கொஞ்சம் சிரித்தார்.

பரீட்சகர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டதால் மாணவர்களுக்குச் சேதமில்லை. 'மஞ்சளா இருந்தா எல்லாம் கடுகு' என்பது மட்டும் காலேஜில் நிலைத்துவிட்டது. அண்ணன் வராந்தாவில் நடந்தால் எந்த ஜன்னலிலிருந்தாவது அது வரும். நான் செய்த ஆயிரம் ஜோக்குகளில் இவ்வளவு நாள் ஓடியது வேறு இல்லை.

கீப்பர் ஆர்டர் வரவில்லை. செடி அடையாளம் தெரியாதவரிடம் செடி அறையை எப்படிக் கொடுப்பது என்று புரொபசர் வருத்தத்தோடுதான் சொன்னார். அண்ணனைக் கெமிஸ்ட்ரி லேபுக்குக் குழாய் கழுவ அனுப்பினார்கள். செடி அறையைக் கூடுதல் பொறுப்பாக என்னிடம் கொடுத்தார்கள். சாவியை அண்ணனே கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

அந்த நாற்காலியில் நான் ஆறு வருஷம் உட்கார்ந்தேன். நல்ல நாற்காலி. ஒரு கால்கூட ஆடாது. ஆடியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்ணனுக்கு என் மேல் வருத்தமே இல்லை. அதுதான் கஷ்டம். ஆசிட் பட்டுப் பழுப்பேறிய விரல்களோடு எதிரில் வருவார். "சாப்டாச்சா தம்பி சார்?" என்பார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். ஏதாவது ஒரு ஜோக் வந்து விழும். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். செடி தேடி அவர் வெளியே போவது நின்றுவிட்டது. தகர டப்பாவை வீட்டில் மிளகாய் வற்றல் போட்டு வைக்கக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

அவர் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான குளத்தூர்ப் பக்கமே போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்து எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. நாற்காலியை விட்டு எழுந்த பிறகுதான் எனக்கு முதுகெலும்பு கொஞ்சம் நிமிர்ந்தது. மாசி மாதத்தில் ஒருநாள் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். முன்னேற்பாடாக, அப்போது மீமிசல் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்த கிளார்க்குக்குச் சாட்சி கேட்டு ஒரு கடிதமும் எழுதியிருந்தேன். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். 'தாங்கள் குறிப்பிடும் சம்பவம் எதுவும் எனக்கு ஞாபகமில்லை' என்று ஆபீஸ் பாணியில் பதில் போட்டிருந்தார்.

அண்ணன் தடித்த கண்ணாடி போட்டிருந்தார். காப்பி வந்தது. ஆற விடாமல் ஆரம்பித்துவிட்டேன். டப்பாவைத் திறந்தது, அரண்மனை மூலிகை என்று அளந்தது, வழுக்கைத் தலை, அம்மி, நாய்க்கடுகு, கிள்ளிப் போட்ட இலை, ஒன்று விடாமல் சொன்னேன். ஆறு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்தது. ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

அம்மி வரைக்கும் அவர் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். 'எரியுது வாத்தியாரே' என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவர், இருமல் வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ஏத்தா, இங்கிட்டு வா! தம்பி சார் சொல்றதக் கேளு. நான் பறிச்ச செடிய ஒரு மொட்டத் தலையன் அரைச்சுப் பூசிக்கிட்டானாம்!"

அந்த அம்மாவும் வந்து நின்று சிரித்தார்கள். "சார் மாறவே இல்ல" என்றார்கள்.

"அண்ணே, விளையாட்டில்ல. நெசம். ஆத்தா மேல சத்தியம்."

"ஒங்க ஆத்தாவ விடுங்க, பாவம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் புரியுது தம்பி சார். நான் அதையே நெனச்சுக்கிட்டு இருப்பேன்னு எனக்காக ஒரு கதைய ஜோடிச்சு, பஸ் ஏறி வந்து சொல்றீங்க பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்? எனக்கு வருத்தமெல்லாம் இல்ல. கண்ணு போச்சு, என்ன செய்யிறது. ஒங்க குத்தமா?"

நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. அழுதுகூடப் பார்த்தேன். அதுவும் நன்றாக இருக்கிறது என்று சிரித்தார்கள். கொண்டுவந்த பாவத்தில் ஒரு பிடிகூடக் குறையவில்லை. கூட ஒரு புண்ணியத்தையும் என் தலையில் ஏற்றிவிட்டார்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. "வாங்க, கம்மா வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்றார். மதகடியில் ஈரமணல் இருந்தது. அந்தச் செடியும் இருந்தது, முன்னை விடக் கொஞ்சம் பரவி. அன்றைக்கு அவர் விட்டு வந்த பாதியின் வம்சம். கரைமேட்டில் நாய்க்கடுகும் நின்றது. அண்ணன் குனிந்து இதில் ஒன்று, அதில் ஒன்று கிள்ளினார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இதுல எது சார் கடுகு? நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்கு இப்ப நம்பிக்கையில்ல."

பட்டப்பகல். கண்ணாடியும் போட்டிருக்கிறார். பிசுபிசுப்பு எதில் என்று விரலுக்கே தெரிந்திருக்கும். அவருக்குக் கண் போகவில்லை. நான் எடுத்தது கண்ணை அல்ல.

சின்னதைத் தொட்டுக் காட்டினேன். "இதுதாண்ணே."

"அப்படியா" என்றார். மற்றதைக் கீழே போட்டார். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."